நிலப் பாதுகாப்பு ஈஸ்மென்ட்: அரசுப் பணம் கையெழுத்தோடு நின்றுவிடலாமா?

#1 | கரிசல்காடு

அமெரிக்காவில் தனியார் நிலம் வீட்டுமனையாகிவிடாமல் காக்க கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் அளவுக்குப் பரவலான வழி வேறில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக நாலு வரி. உரிமையாளர் நிலத்தை விற்பதில்லை. மனை பிரிப்பது, வீடு கட்டுவது, கல் மண் வெட்டி எடுப்பது போன்ற உரிமைகளை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்கோ (நிலத்தைக் காக்கவென்றே இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு) அரசு அமைப்புக்கோ நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறார். பத்திரம் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவகத்தில் பதிவாகும். பயிர் வைக்கலாம், மாடு மேய்க்கலாம், நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். யார் கைக்குப் போனாலும் கட்டுப்பாடும் கூடவே போகும்.

முதல் நில அறக்கட்டளை 1891-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ். 2020 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க நில அறக்கட்டளைகள் காத்துவரும் நிலம் 6.1 கோடி ஏக்கர். இதற்கு அரசுப் பணம் மூன்று வழியாக வருகிறது: மத்திய வருமான வரிக் கழிவு, சில மாநிலங்களின் வரிச் சலுகை, ஈஸ்மென்டை விலை கொடுத்து வாங்க நேரடி மானியம்.

மூன்றுமே கையெழுத்தாகும் நாளில் பணம் தருபவை. அடுத்த நூறு வருடம் ஆண்டுதோறும் நிலத்தைப் போய்ப் பார்ப்பது, மீறலைத் தடுப்பது, தேவைப்பட்டால் வழக்காடுவது எல்லாம் அறக்கட்டளையின் சொந்தச் செலவு. என் கருத்தில் மாநிலங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். உள்ளே இருந்து வேலை செய்பவர்கள் கணக்கோடு பேசுங்கள்.

#2 | வரிப்பக்கம்

வரிக் கழிவிலிருந்து தொடங்குகிறேன். வருமான வரிச் சட்டத்தின் 170(எச்) பிரிவுதான் அடித்தளம். நான்கு நோக்கங்களில் ஏதாவது ஒன்று நிறைவேற வேண்டும்: பொதுமக்களின் பொழுதுபோக்கு அல்லது கல்விக்கான நிலம், இயற்கையான வாழிடம், பண்ணையும் காடும் உள்ளிட்ட திறந்தவெளி, வரலாற்று முக்கியத்துவம். திறந்தவெளி என்று காட்டினால் மக்கள் கண்ணுக்குத் தெரியும் இயற்கைக் காட்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசின் தெளிவான கொள்கைக்குப் பொருந்த வேண்டும். இரண்டிலும் பொதுமக்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இருந்தாக வேண்டும். "எங்கள் கவுண்டி விவசாயத்தை ஆதரிக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்த ஆண்டுத் திட்ட ஆவணம், அதில் இந்த நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைப் பத்திரத்தின் முகப்பிலேயே எழுதுங்கள்.

தானமாகக் கொடுத்தவர் தன் ஆண்டு வருமானத்தில் 50% வரை கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்தில் இருந்து வந்தால் 100% வரை கழிக்கலாம். 2006-க்கு முன்பு இது 30%, 5 ஆண்டுகள் மட்டுமே. உயர்த்திய சலுகை அவ்வப்போது காலாவதியாகி நீட்டிக்கப்பட்டு வந்தது. 2015 டிசம்பரில்தான் நிரந்தரமானது. அந்த இடைக்காலத்தில் "அடுத்த வருடம் சலுகை இருக்குமா" என்று தெரியாமல் டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரமாக எழுதிய பத்திரங்கள் பல உண்டு. கொள்கை வகுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சலுகையின் அளவு எவ்வளவு முக்கியமோ, அது நிலையாக இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2026 முதல் வருமானத்தில் முதல் 0.5%-க்கு நன்கொடைக் கழிவு கிடையாது. உச்ச வரி அடுக்கில் இருப்பவருக்குக் கழிவின் பயன் 37%-க்குப் பதில் 35%-இல் நிற்கும். சிறிய மாற்றம்தான், ஆனால் பழைய கணக்குத் தாளை வைத்து நில உரிமையாளரிடம் பேசாதீர்கள்.

#3 | மேய்ச்சல்நிலம்

வரிக் கழிவு வசதியானவர்களுக்குத்தான் கைகொடுக்கும். 1,75,000 டாலர் மதிப்பைத் தானமாகக் கொடுத்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச அடுக்கில் இருப்பவர் 35% வீதம் 61,250 டாலர் வரை வரியை மிச்சப்படுத்துவார். ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் உள்ள விவசாயித் தம்பதி 12% அடுக்கைத் தாண்டமாட்டார்கள். அவர்களுக்கு எத்தனை வருடம் எடுத்துச் சென்றாலும் 21,000-க்கு மேல் தேறாது. நன்கொடையைத் தனியாகக் காட்டாதவர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவை விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதால் உண்மையில் இன்னும் குறையும். நிலம் இருக்கிறது, கையில் காசில்லை என்ற நிலையில் இருக்கும் குடும்பம் இதற்காக உரிமையை எழுதிக் கொடுக்காது.

அதனால்தான் விலை கொடுத்து வாங்கும் திட்டங்கள் வந்தன. பெரியது மத்திய வேளாண் துறையின் ஏஎல்இ, அதாவது விவசாய நில ஈஸ்மென்ட் திட்டம். 2014 பண்ணைச் சட்டத்தில் பழைய மூன்று திட்டங்களை ஒன்றாக்கி ஏசெப் (விவசாயப் பாதுகாப்பு ஈஸ்மென்ட் திட்டம்) என்று உருவாக்கினார்கள், ஏஎல்இ அதன் ஒரு பிரிவு. ஈஸ்மென்ட் மதிப்பில் 50% வரை மத்திய அரசு தரும். சுற்றுச்சூழல் சிறப்புள்ள புல்வெளியானால் 75% வரை.

ஒரு மாதிரிக் கணக்கு. 200 ஏக்கர் பண்ணை, ஏக்கர் 8,000 டாலர் என்றால் முன்மதிப்பு 16 லட்சம். கட்டுப்பாடு வந்தபின் ஏக்கர் 4,500, அதாவது 9 லட்சம். இடைவெளியான 7 லட்சம்தான் ஈஸ்மென்டின் மதிப்பு. ஏஎல்இ 3,50,000 தருகிறது. மாநிலமோ கவுண்டியோ 1,75,000 போடுகிறது. மீதி 1,75,000-ஐ உரிமையாளர் தானமாக விடுகிறார், அந்தப் பகுதிக்கு மட்டும் வரிக் கழிவு கேட்கலாம். 2018 சட்டத்துக்குப் பிறகு உரிமையாளர் விடும் தானமும், சர்வே, மதிப்பீடு, பத்திர ஆய்வு போன்ற செலவுகளும் உள்ளூர்ப் பங்காகக் கணக்கில் வரும். அதற்கு முன்பு அறக்கட்டளை தன் பங்கில் குறிப்பிட்ட அளவு ரொக்கம் காட்டியே ஆக வேண்டும். வசதி குறைந்த மாநிலங்களின் அறக்கட்டளைகள் விண்ணப்பமே போடாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள்: உரிமையாளரின் சராசரி வருமானம் 9 லட்சம் டாலர் வரம்பைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி போய்விடும். நிலத்தின் பரப்பில் 2%-க்கு மேல் கூரையோ கான்கிரீட்டோ வரக்கூடாது. 200 ஏக்கரில் அது 4 ஏக்கர். பால்பண்ணைக்கோ கோழிப்பண்ணைக்கோ இது போதாது. விலக்கு கேட்க வழி உண்டு, ஆனால் அதை விண்ணப்பத்தின்போதே கேட்டுவிடுவது நல்லது.

#4 | புதுத்தளிர்

அருமையான இழை. இரண்டு சந்தேகம். நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால் என்ன ஆகும்? "நிரந்தரம்" என்பதை வரித்துறை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது?

#5 | வில்லங்கம்

தளிர், உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: நிரந்தரத்தைக் குலைக்கக்கூடிய எதையும் வரித்துறை விடாது.

அடமானம் இருந்தால், ஈஸ்மென்டுக்குப் பின்னால்தான் தன் உரிமை என்று வங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்து தானம் கொடுக்கும் நாளிலேயே இருக்க வேண்டும். மிட்செல் வழக்கில் கடன் கொடுத்தவர் தானம் முடிந்த பிறகுதான் கையெழுத்திட்டார். கடன் திரும்பாமல் போக வாய்ப்பே இல்லை என்று வாதாடியும் 2015-இல் 10-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கழிவை மறுத்தது. நான் பரிந்துரைப்பது: ஈஸ்மென்ட் பேச்சு தொடங்கிய வாரத்திலேயே வங்கிக்குக் கடிதம் அனுப்புங்கள். வங்கியின் உள்வேலை மாதக்கணக்கில் இழுக்கும். நிலத்தின் மதிப்பு குறையப்போவதால் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டி அடைக்கச் சொல்லவும் கூடும்.

அடுத்தது கனிம உரிமை. பல மாநிலங்களில் நிலத்தடி உரிமை வேறொருவர் கையில் இருக்கும். அவர் மேற்பரப்பைத் தோண்டக் கூடுமானால் கழிவு கிடையாது. தோண்டும் வாய்ப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு குறைவு என்று புவியியலாளர் எழுதிய அறிக்கை வேண்டும்.

பத்திரத்தில் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பெல்க் வழக்கில், அறக்கட்டளை சம்மதித்தால் காக்கும் நிலத்துக்குப் பதில் வேறு நிலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. எந்த நிலம் என்றே நிலையாக இல்லையே என்று 4-ஆம் வட்டார நீதிமன்றம் 2014-இல் கழிவைத் தள்ளியது.

ஈஸ்மென்ட் நீதிமன்றத்தால் ரத்தானால் வரும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற விதியில் இன்னும் சண்டை ஓயவில்லை. 11-ஆம் வட்டாரம் 2021-இல் ஹெவிட் வழக்கில் வரித்துறையின் விளக்கத்தைச் செல்லாது என்றது, 6-ஆம் வட்டாரம் 2022-இல் ஓக்புரூக் வழக்கில் அதே விதி செல்லும் என்றது. அந்தப் பங்கீட்டு வாசகத்துக்கு வரித்துறையே 2023-இல் ஒரு பாதுகாப்பான மாதிரியை வெளியிட்டது. இனி எழுதும் பத்திரத்தில் அதை எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள். சொந்த நடையில் அழகுபடுத்த வேண்டாம்.

இன்னொன்று, மிகச் சிறியது. தானம் பெற்ற அறக்கட்டளை, பதிலுக்குப் பொருளோ சேவையோ எதுவும் தரவில்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். வரிப் படிவம் தாக்கல் செய்வதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் பல லட்சம் டாலர் கழிவு போயிருக்கிறது.

#6 | முன்பின்மதிப்பு

கரிசல் அண்ணா, நீங்கள் கண்காணிப்பைச் சொல்கிறீர்கள். மதிப்பீடு நேர்மையாக இல்லாவிட்டால் கண்காணிக்க நிதி கேட்கும் தார்மீக உரிமையே போய்விடும். இந்தத் துறைக்கு வந்த பெரிய கெட்ட பெயர் அங்கேதான்.

முறை எளிது: கட்டுப்பாட்டுக்கு முன் சந்தை மதிப்பு, பின் சந்தை மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பக்கத்திலேயே அதே குடும்பத்துக்கு வேறு நிலம் இருந்தால் அதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். இந்த நிலம் திறந்தவெளியாக நிலைத்தால் அந்தப் பக்கத்து நிலத்தின் விலை ஏறும், அந்த ஏற்றத்தைக் கழிக்க வேண்டும். மதிப்பீட்டுத் தேதி தானத்துக்கு 60 நாட்களுக்கு மேல் முந்தியதாக இருக்கக்கூடாது. வரித்துறையின் படிவம் 8283-இல் மதிப்பீட்டாளரும் அறக்கட்டளையும் கையெழுத்திட வேண்டும், 5 லட்சம் டாலருக்கு மேல் போனால் முழு அறிக்கையையும் இணைக்க வேண்டும்.

ஏமாற்று எங்கே நடந்தது? "முன் மதிப்பு" பகுதியில். ஒரு கூட்டுக் கம்பெனி 10 லட்சத்துக்கு நிலம் வாங்கும். சில மாதத்தில் ஒரு மதிப்பீட்டாளர் அங்கே சொகுசு விடுதியோ கல்குவாரியோ வரலாம் என்று கற்பனை செய்து 1 கோடி என்பார். முதலீட்டாளர் ஒரு டாலர் போட்டு நான்கைந்து டாலர் கழிவை எடுத்துக்கொள்வார். இதில் காப்பாற்றும் எண்ணமே கிடையாது. 2016 டிசம்பரில் வந்த வரித்துறை அறிவிப்பு, போட்ட பணத்தைப் போல 2.5 மடங்கு அல்லது அதற்கு மேல் கழிவு என்று விளம்பரம் செய்யும் திட்டங்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. நடைமுறை தவறு என்று வரி நீதிமன்றம் 2022-இல் அந்த அறிவிப்பைச் செல்லாததாக்கியது. பிறகு 2024 அக்டோபரில் முறையான விதியாகவே கொண்டுவந்தார்கள். உண்மையான கதவடைப்பு 2022 டிசம்பர் 29-இல் வந்த சட்டம்: கூட்டுக் கம்பெனியின் தானம், பங்குதாரர்கள் போட்ட அடிப்படை முதலீட்டைப் போல 2.5 மடங்கைத் தாண்டினால் கழிவு முழுக்கப் போய்விடும். மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்த நிலமும் குடும்பக் கூட்டு நிறுவனமும் விலக்கு.

இதை நில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பே பல வருடம் கேட்டுப் போராடியது. தங்கள் சலுகையைத் தாங்களே இறுக்கச் சொன்ன துறை அபூர்வம். அது சரியான முடிவு.

#7 | கரிசல்காடு

ஏற்கிறேன். மாநில அளவிலும் இதே பாடம்தான். வர்ஜீனியா 2000 முதல் தானத்தின் மதிப்பில் ஒரு பங்கை மாநில வரிச் சலுகையாகத் தருகிறது, இப்போது அது 40%. வருமானம் குறைந்த உரிமையாளர் அந்தச் சலுகையை வேறு வரி செலுத்துபவருக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம். மேய்ச்சல் சொன்ன குறைக்கு இது நேரடி மருந்து. ஆண்டு மொத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு.

கொலராடோவும் விற்கக்கூடிய சலுகையைக் கொடுத்தது, ஆனால் ஆரம்பத்தில் மதிப்பீட்டைச் சரிபார்க்க ஆள் வைக்கவில்லை. ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகள் வந்தன. பல வருடம் கழித்து மாநிலம் நூற்றுக்கணக்கான சலுகைகளைத் திரும்பக் கேட்டது. நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்த குடும்பங்களும் அதில் மாட்டின. கையெழுத்திட்ட ஈஸ்மென்டோ நிரந்தரமாக அப்படியே நிற்கிறது. இப்போது அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. மதிப்பீட்டையும் பாதுகாப்பு நோக்கத்தையும் முன்கூட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் சலுகை. அந்த ஒழுங்கு வந்த பிறகு 2021-இல் சலுகையை 90% வரை உயர்த்த சட்டமன்றம் துணிந்தது. முன்சரிபார்ப்பு இல்லாமல் எந்த மாநிலமும் சலுகை தொடங்க வேண்டாம் என்பேன்.

மாசசூசெட்ஸில் இன்னொரு முறை: ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பத்திரத்தையும் ஊராட்சியும் மாநிலச் சுற்றுச்சூழல் செயலாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். தாமதம் ஆகும், ஆனால் பத்திரம் வலுவாக வெளியே வரும்.

#8 | ஓடைக்கரை

இப்போது கண்காணிப்புக்கு வருவோம். இதைப் பேச யாருக்கும் அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

முதலில் அடிப்படை நிலை அறிக்கை. பத்திரம் பதிவாகும் முன்பே நிலம் எப்படி இருக்கிறது என்று வரைபடம், புகைப்படம், எழுத்து மூன்றிலும் பதிவு செய்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, கேமரா பார்த்த திசையின் பாகை, தேதி மூன்றும் படத்தின் அடியில் இருக்க வேண்டும். "வடக்கு வயல்" என்று மட்டும் எழுதிய படம் முப்பது வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்காது. ஏற்கெனவே இருக்கும் குப்பைக்குழி, பழைய கொட்டகை, பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி வைத்த விறகுக் குவியல் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். பிறகு வரும் தகராறில் பாதி "இது அப்போதே இருந்தது" என்பதுதான்.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போக வேண்டும். செயற்கைக்கோள் படம் உதவும், பெரிய நிலத்தில் மிகவும் உதவும். ஆனால் மரநிழலின் கீழ் வெட்டிய வண்டிப்பாதையும் ஓடைக்கரையில் கொட்டிய கான்கிரீட் கழிவும் அதில் தெரியாது. நடந்து பார்க்கும்போது முதலில் எல்லைக்குப் போங்கள். வீடு கட்ட அனுமதித்த வளையத்தின் மூலைகளில் கம்பம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பம் இல்லாத வளையத்தில் கொட்டகை பத்தடி இருபதடி வெளியே நகர்வது சாதாரணம். கட்டியபின் இடிக்கச் சொல்வது எவ்வளவு கசப்பு என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நூறு டாலர் கம்பம் அதைத் தவிர்க்கும்.

மீறல் அதிகம் வருவது ஈஸ்மென்ட் எழுதிய குடும்பத்திடம் இருந்து இல்லை, அவர்களுக்குப் பிறகு வாங்கியவரிடம் இருந்தும் பக்கத்து நிலத்துக்காரரிடம் இருந்தும்தான். ஆகவே நிலம் கைமாறியது தெரிந்த உடனே புது உரிமையாளரைப் போய்ப் பார்த்து, பத்திரத்தின் நகலைக் கொடுத்து, எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கமும் கொடுக்க வேண்டும். மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தாலும் பலர் தெரிவிப்பதில்லை. கவுண்டிப் பதிவகத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கணக்கு: ஒரு நிலத்துக்கு ஊழியர் நேரம், பயணம், அறிக்கை, கடிதப் போக்குவரத்து சேர்த்து ஆண்டுக்கு 1,200 டாலர் ஆகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 4% மட்டும் எடுக்கும் நிதி வேண்டுமானால் 30,000 டாலர் முதல் வேண்டும். இது கண்காணிப்புக்கு மட்டும். வழக்குக்குத் தனி நிதி வேண்டும். அறக்கட்டளைகள் சேர்ந்து 2013-இல் தொடங்கிய டெர்ராஃபர்மா காப்பீடு வழக்குச் செலவைத் தாங்குகிறது, சிறிய அமைப்புகளுக்கு அது உயிர்நாடி. ஒவ்வொரு வழக்கிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகையும் காப்பீட்டில் வராத தகராறுகளும் போக மிச்சத்தைத்தான் அது தாங்கும்.

இப்போது 30,000-ஐ யார் தருவது? ஏஎல்இ பணம் ஈஸ்மென்டின் விலைக்கு மட்டும். உரிமையாளரிடம் நன்கொடையாகக் கேட்கிறோம். வசதியுள்ளவர் தருவார். மேலே சொன்ன 60,000 டாலர் குடும்பம்? அவர்கள் ஏற்கெனவே 1,75,000 விட்டுக்கொடுத்தவர்கள். பணம் இல்லாததால் நல்ல நிலங்களை மறுக்க நேர்கிறது, அல்லது நிதி வைக்காமல் ஏற்றுக்கொண்டு பிறகு பார்க்கப் போவதில்லை. இரண்டுமே கூடாது.

#9 | தாழை

ஓடைக்கரை சார் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. நிரந்தரக் கட்டுப்பாடு எல்லா நிலத்துக்கும் சரிதானா? வடக்கு டகோட்டாவில் சட்டப்படி 99 வருடத்துக்கு மேல் போக முடியாது. கலிஃபோர்னியாவின் வில்லியம்சன் சட்டம் 1965 முதல் ஆண்டுதோறும் தானாக நீளும் பத்து வருட ஒப்பந்தத்தில் சொத்து வரியைக் குறைக்கிறது. இளம் விவசாயிகளுக்கு நிரந்தரம் என்ற சொல்லே பயம் தருகிறது.

இன்னொரு கவலை. ஈஸ்மென்ட் போட்டும் நிலம் விவசாயி கையில் நிற்பதில்லை. கட்டுப்பாடு உள்ள 200 ஏக்கரை, அமைதியான தோட்ட வீடு தேடும் பணக்காரர் ஏக்கர் 4,500-க்கு மேல் கொடுத்து வாங்கிவிடுவார். அரசுப் பணத்தில் அவருக்கு வேடிக்கை பார்க்க ஒரு புல்வெளி கிடைக்கிறது, உழுபவருக்கு எட்டவில்லை.

#10 | மேய்ச்சல்நிலம்

தாழை, இரண்டாவது கவலைக்கு வெர்மாண்ட் வழி காட்டியிருக்கிறது. அங்கே பத்திரத்திலேயே ஒரு வாங்கும் உரிமையைச் சேர்க்கிறார்கள். விவசாயி அல்லாதவருக்கு நிலத்தை விற்கப் போனால், விவசாய மதிப்பில் தானே வாங்கிக்கொள்ள அறக்கட்டளைக்கு உரிமை உண்டு. வாங்கி மறுபடி விவசாயிக்கு விற்கும். இதற்கு ஈஸ்மென்ட் விலை கூடும், ஏனென்றால் உரிமையாளர் இன்னும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். எங்கே நிலவிலை நகரத்தாரால் ஏறுகிறதோ அங்கே மானியத்தில் இதற்கென்று கூடுதல் தொகை ஒதுக்க வேண்டும்.

முதல் கேள்வியில் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லியம்சன் ஒப்பந்தத்தால் கவுண்டிகள் இழக்கும் வரியைக் கலிஃபோர்னியா மாநிலம் ஈடுகட்டி வந்தது. 2009 வாக்கில் பட்ஜெட் நெருக்கடியில் அந்தப் பணத்தை ஏறக்குறைய முழுக்க வெட்டியது, சுமை கவுண்டிகள் தலையில் விழுந்தது. தற்காலிகப் பாதுகாப்பு ஆண்டுதோறும் பட்ஜெட்டின் தயவில் நிற்கும். நகர விளிம்பில் இருக்கும் வளமான மண்ணுக்கு அது போதாது.

#11 | தாழை

நகர விளிம்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன். தூரத்து மேய்ச்சல் நிலங்களில் குறுகிய ஒப்பந்தத்தை முதல்படியாக வைக்கலாம் என்ற கருத்தில் இருந்து மாறவில்லை.

#12 | கரிசல்காடு

பணம் எங்கிருந்து என்பதையும் சேர்த்துவிடுகிறேன். மேரிலாந்தில் 1969 முதல் சொத்து கைமாறும்போது 0.5% மாற்று வரி, அது திறந்தவெளி நிதிக்குப் போகிறது. மனை வியாபாரம் சூடாகும்போது நிதியும் ஏறும், அதனால் இந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் பட்ஜெட் இடித்தபோதெல்லாம் சட்டமன்றம் அந்தப் பணத்தைப் பொதுச்செலவுக்குத் திருப்பியிருக்கிறது. மாசசூசெட்ஸில் 2000-இல் வந்த சட்டப்படி ஊர் மக்கள் வாக்களித்துச் சொத்து வரியின் மேல் 3% வரை கூடுதல் வரி போட்டுக்கொள்ளலாம், மாநிலம் பதிவுக் கட்டணத்தில் இருந்து ஈடு சேர்க்கும். கொலராடோவில் 1992-இல் வாக்காளர்கள் லாட்டரி வருவாயை அரசியலமைப்பிலேயே இதற்கென்று எழுதினார்கள். மின்னசோட்டா 2008-இல் விற்பனை வரியில் 3/8% உயர்த்தி 2034 வரை உறுதி செய்தது. மத்தியில் கடல் எண்ணெய் வருவாயில் இருந்து வரும் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு 2020-இல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக்கப்பட்டது. காடுகளுக்கான ஈஸ்மென்ட் திட்டத்துக்கும் அதில் இருந்துதான் பணம்.

அரசியலமைப்பிலோ வாக்கெடுப்பிலோ கட்டிய பணத்தைத் திருப்புவது கடினம். சாதாரணச் சட்டத்தில் கட்டிய பணம் நழுவும்.

#13 | புதுத்தளிர்

இதெல்லாம் நம் ஊரில் செய்ய முடியுமா? தமிழ்நாட்டில் ஒருவர் தன் தோப்பையோ குளத்தங்கரையையோ இப்படி எழுதிக் கொடுக்க முடியுமா?

#14 | வில்லங்கம்

அப்படியே முடியாது. 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஈஸ்மென்டைப் பக்கத்து நிலத்தின் பயனுக்கான உரிமையாகத்தான் பார்க்கிறது. என் கிணற்றுக்குப் போக உங்கள் வரப்பில் வழி, அந்த மாதிரி. பக்கத்தில் நிலமே இல்லாத அறக்கட்டளை அதை வைத்துக்கொள்ள முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் வரும் கட்டுப்பாடும் இன்னொருவர் தன் நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்கானதே. அமெரிக்காவிலும் பழைய பொதுச் சட்டத்தில் இதே முடிச்சு இருந்தது. 1981-இல் வந்த மாதிரிச் சட்டம், பக்கத்து நிலம் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு ஈஸ்மென்ட் செல்லும் என்று வெளிப்படையாக எழுதி அதை அவிழ்த்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. இங்கேயும் தேவை அந்த ஒரு பிரிவுதான்.

வரிப் பக்கமும் அடைபட்டிருக்கிறது. நம் வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுத்தால் மட்டும். நில உரிமையைக் கொடுத்தால் எதுவும் கிடையாது.

இருப்பவை: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் கொண்டுவந்த சமூகக் காப்பகம். தனியார் தன் நிலத்தை விரும்பி முன்வந்து கொடுக்கலாம். அறிவித்த பிறகு மேலாண்மைக் குழுத் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் பாரம்பரியத் தலம் என்றொரு வகை உண்டு. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2024-இல் அந்தப் பகுதியைச் சேர்த்தே டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. ஊர் மக்கள் விடாமல் போராடி 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அறிவிப்பு வேறு, நிலத்தின் பத்திரத்தோடு ஒட்டிய உரிமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

#15 | ஓடைக்கரை

கரிசலின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். மாநில மானிய விதியில் நான் கேட்பது மூன்று வரி. ஒன்று, வாங்கும் மானியத்தோடு ஒவ்வொரு ஈஸ்மென்டுக்கும் கண்காணிப்பு நிதிக்கென்று தனித்தொகை, அது தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அறக்கட்டளை கலைந்தால் அடுத்து ஏற்கும் அமைப்புக்கு மாற வேண்டும். இரண்டு, நில அறக்கட்டளைகளுக்கென்று 2006-இல் தொடங்கிய அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு மட்டும், அல்லது அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துவிட்ட சிறிய அமைப்புக்கு அதற்கான செலவோடு சேர்த்து, மானியம். மூன்று, பத்திரத்திலேயே மாற்று ஏற்பாளர் ஒருவரின் பெயர்.

மூன்றாவது இல்லாமல் அறக்கட்டளை மூடிவிட்டால் ஈஸ்மென்டை யார் வைத்திருப்பது என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த இடைவெளியில் நிலத்தைப் போய்ப் பார்க்க யாருக்கும் அதிகாரம் இருக்காது.

#16 | முன்பின்மதிப்பு

நான்காவதாக ஒன்று சேருங்கள்: மாநிலம் பணம் தரும் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் மாநிலமே அமர்த்தும் இரண்டாவது மதிப்பீட்டாளரின் மறுஆய்வு. அதன் கட்டணத்தை மானியத்திலேயே தகுதியுள்ள செலவாக வையுங்கள். உரிமையாளர் கையெழுத்திடும் முன்பே அது முடிய வேண்டும், பிறகு திருத்த முடியாது.